கொண்டல்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இரயில் வண்டி, செங்கற்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரியின் ஓரமாக ஓடுகிறது. ஐப்பசித் திங்களில் அவ்வழிச் செல்வோர் சாளரத்தின் வழியே ஏரியை நோக்கினால், நீர்ப்பரப்பு முழுவதும் நெளிந்துகொண்டிருக்கக் காண்பர். சிற்றலைகள் கிழக்கிலிருந்து நிரை நிரையாய் வந்து கரையைத் தொட்டு மறையும். அவற்றின் உயரம் ஒரு சாணைத் தாண்டுவது அரிது. அவ்வலைகளை எழுப்பும் காற்று, ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு முன்னர் மாமல்லபுரத்தை ஒட்டிய கடலின்மேல் வீசிக்கொண்டிருந்த காற்றே ஆகும். ஆங்கு அது எழுப்பிய அலைகளோ ஆளுயரம் எழுந்து, நுரை கக்கி, மணலில் அறைந்து வீழ்ந்தன. இடைப்பட்ட தொலைவு முப்பது கிலோமீட்டர் அளவே. ஒரே காற்று ஏரியில் குழவிபோல் விளையாடுகிறது. கடலில் களிறுபோல் முட்டுகிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம், காற்று ஓடுவதற்குக் கிடைத்த களமே ஆகும்.

ஏரியின்மேல் காற்றுக்குக் கிடைக்கும் வெளி சில கிலோமீட்டரே. நீரைப் பற்றி அலையாக வளர்க்கத் தொடங்குமுன்னரே மறுகரை வந்துவிடுகிறது. வங்கக் கடலிலோ வடகிழக்குப் பருவக்காற்று பல நூறு கிலோமீட்டர் தடையின்றி ஓடுகிறது. ஒரு நாளோடு ஓயாமல் பல நாள் தொடர்ந்து வீசுகிறது. காற்றின் வேகம், அது வீசும் காலம், அது ஓடும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் கூடியே அலையின் உயரத்தை முடிவு செய்கின்றன.

பண்டைத் தமிழர் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயரிட்டு வழங்கினர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இந்நான்கனுள் கொண்டல் என்னும் பெயர் சிந்திக்கத்தக்கது. ‘கொள்’ என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல், கீழ்காற்றை மட்டுமன்றி மேகத்தையும் மழையையும் குறிக்கும். நீரைக் கொண்டது கொண்டல். கடலிடமிருந்து காற்று எதையோ வாங்கிக்கொண்டு வருகிறது என்பதை அறிந்தே முன்னோர் அப்பெயரை வழங்கினர் போலும். அங்ஙனம் வாங்கும் காற்று, கடலுக்குக் கொடுப்பதும் உண்டு. காற்று கடலுக்கு அசைவைக் கொடுக்கிறது; கடல் காற்றுக்கு நீரையும் வெப்பத்தையும் உப்பையும் கொடுக்கிறது. செங்கற்பட்டு நாட்டின் வாழ்வும் தாழ்வும் இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சார்ந்தே நிற்கின்றன.

கண்ணாடிபோல் வழவழப்பாகக் கிடக்கும் நீரைக் காற்று எவ்வாறு பற்றுகிறது? பிடிப்பதற்கு ஒரு மேடும் இல்லையே! இக்கேள்வி அறிஞர்களை நெடுங்காலம் வருத்தியது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின், இங்கிலாந்தில் ஒரு குளத்தின் நீரில் சிறிதளவு எண்ணெயை ஊற்றினார். எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவிய இடமெல்லாம் சிற்றலைகள் அடங்கின. இச்சோதனையை அவர் 1774ஆம் ஆண்டில் விரித்து எழுதினார். முதலில் தோன்றும் மிகச் சிறிய சுருக்கங்களே காற்றுக்குப் பிடியாகின்றன என்பதும், அச்சுருக்கங்களைத் தடுத்தால் பேரலையும் எழாது என்பதும் இதனால் விளங்கும். பின்னர் 1957ஆம் ஆண்டில் ஓவன் பிலிப்ஸ், ஜான் மைல்ஸ் என்னும் இருவர் தனித்தனியே இதற்குக் கணக்கியல் விளக்கம் தந்தனர். காற்று ஒரே சீராக வீசுவதில்லை. அதனுள் அழுத்தம் கூடியும் குறைந்தும் சுழல்கள் உள. அவை நீர்மீது முதற் சுருக்கங்களை எழுப்புகின்றன. சுருக்கம் தோன்றியபின், அதன் மேட்டில் ஓரழுத்தமும் பள்ளத்தில் வேறோர் அழுத்தமுமாகக் காற்று வளைந்து செல்கிறது. அந்த வேறுபாடே அலையை மேன்மேலும் வளர்க்கிறது. வளர்ந்த அலை காற்றுக்கு இன்னும் பெரிய பிடியாகிறது.

அலை கரையை நோக்கி ஓடி வந்தாலும், ஆழ்கடலில் நீர் அதனோடு ஓடி வருவதில்லை. நெல் வயலில் காற்று வீசும்போது கதிர்கள் சாய்ந்து நிமிர, வயல் முழுவதும் ஓர் அலை ஓடுவதுபோலத் தோன்றும். ஆயினும் எந்தக் கதிரும் தன் வேரை விட்டு நகர்வதில்லை. நீர்த்துளியும் அத்தகையதே. அது ஒரு வட்டமிட்டு ஏறத்தாழத் தன் பழைய இடத்திற்கே மீள்கிறது. ஓடுவது ஆற்றல் ஒன்றே. பத்து வினாடிக்கு ஒரு முறை எழும் அலை, ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு 156 மீட்டர் இடைவெளி உடையது. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது. கரையருகே ஆழம் குறையும்போது அடிப்பகுதி தரையால் தடைப்பட்டு மெதுவாகிறது. அலைகள் நெருங்கி உயர்கின்றன. நீரின் ஆழம் அலையின் உயரத்தினும் சற்றே மிகுதியாக உள்ள இடத்தில் முகடு முன்னோக்கிக் கவிழ்ந்து உடைகிறது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் வெண்ணிறக் கோடாகத் தோன்றுவது இவ்விடமே.

அக்கோட்டைக் கடந்து செல்வதே மீனவர் தொழிலில் முதற் சோதனை. முன்னாளில் கட்டுமரத்தில் சென்றோரும், இந்நாளில் பொறி பூட்டிய கண்ணாடியிழைப் படகில் செல்வோரும் இதில் வேறுபடுவதில்லை. படகைத் தள்ளுமுன் அவர்கள் சிறிது நேரம் கடலையே நோக்கி நிற்பர். பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வரும். பின்னர் அவற்றின் சீற்றம் சற்றுத் தணியும். அலை ஓய்ந்து கடலாட முடியாது என்பது பழமொழி. மீனவரும் அலை ஓயும் என்று காத்திருப்பதில்லை. அது இளைக்கும் நேரத்தைப் பார்த்திருந்து படகைச் செலுத்துகின்றனர். வெவ்வேறு நீளமுள்ள அலை வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, முகடும் முகடும் சேருமிடத்தில் பெருகியும், முகடும் பள்ளமும் சேருமிடத்தில் குன்றியும் தோன்றுவதே இவ்விளைப்பிற்குக் காரணம். ஏட்டில் எழுதிக் கற்றவர்க்குக் கணக்காகத் தோன்றுவது, கரையில் நிற்பவர்க்குக் கண்ணிலும் காலிலும் தோன்றுகிறது.

இனி, உள்ளூர்க் காற்று அறவே இல்லாத நாளிலும் கடலில் பேரலை எழுவதுண்டு. தென்கோளத்தில், நாற்பதாம் அகலக்கோட்டுக்கும் தெற்கே, ஆண்டு முழுவதும் சூறைக்காற்று வீசும் கடல் ஒன்று உளது. அங்கே எழும் அலைகள் ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை ஏறத்தாழ ஒரு வாரத்தில் கடந்து தமிழ்நாட்டுக் கரையை அடையும். வழியில் குறு அலைகள் தேய்ந்து மறைய, நெடிய அலைகளே எஞ்சுகின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மாமல்லபுரத்திற்கு வந்த ஆழிப்பேரலை இவ்வினத்தைச் சேர்ந்தது அன்று. சுமத்திராவை அடுத்துக் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் பிறந்தது அது. காற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆண்டில் இருமுறை காற்றின் திசை மாறுகிறது. நிலம் விரைவில் சூடேறி விரைவில் ஆறுவதும், கடல் மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவதும் அதற்குக் காரணம் என 1686ஆம் ஆண்டிலேயே எட்மண்ட் ஹாலி எழுதினார். ஆனி, ஆடித் திங்களில் செங்கற்பட்டில் மேல்காற்று வறண்டு வீசும். நண்பகலுக்குப்பின் கடற்காற்று எழுந்து, மாமல்லபுரத்தை முதலில் குளிர்வித்து, பின்னர் உள்நாட்டிற்குப் பரவும். அப்பருவத்தில் அலைகள் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையைத் தொடுகின்றன. சாய்வாக வரும் அலை மணலை வடக்கு நோக்கித் தள்ளும். ஐப்பசி தொடங்கியதும் அலை வடகிழக்கிலிருந்து வரும். மணல் தெற்கு நோக்கிச் செல்லும். வடக்கு நோக்கிய நீரோட்டத்தைத் தெண்டி என்றும், தெற்கு நோக்கியதை வன்னி என்றும் சென்னைக் கரையின் மீனவர் வழங்குவர். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வடக்கே செல்லும் மணலே மிகுதி.

இவ்வுண்மையைச் சென்னை நகரம் பெரும் பொருட்செலவில் கற்றது. 1876ஆம் ஆண்டில் அங்கே துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினர். 1881ஆம் ஆண்டின் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். சுவர் நின்றது, மணலின் ஓட்டமும் நின்றது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து, இன்று மக்கள் உலாவும் மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பகுதியில் மணல் வரவின்றிக் கடல் ஊருக்குள் நுழைந்தது. அண்மைக் காலத்தில் செங்கற்பட்டுக் கடற்கரையிலும், குப்பங்களைக் காக்க வேண்டிக் கற்குவியல்களைக் கடலுள் நீட்டியுள்ளனர். வீடு இழப்போருக்கு அது தேவையே, அதில் ஐயமில்லை. ஆயினும் கல்லுக்கு வடக்கே உள்ள குப்பத்தின் மணல் எங்கிருந்து வரும் என்பதையும் கல் இறக்குவோர் முன்னரே எண்ணுதல் வேண்டும்.

இதுகாறும் கூறியது காற்று கடலுக்குக் கொடுத்தது. கடல் காற்றுக்குக் கொடுப்பது இதனினும் பெரிது. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது.

துவைத்த வேட்டி காற்றில்லாத அறையில் நெடுநேரம் ஈரமாகக் கிடக்கும். வெளியில் காற்றில் விரைந்து உலரும். நீரை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் விரைவில் ஈரத்தால் நிறைந்துவிடுகிறது. அப்படலத்தைக் காற்று வாரிச் சென்று, உலர்ந்த காற்றை அவ்விடத்தில் வைத்தால்தான் மேலும் நீர் ஆவியாகும். செங்கற்பட்டுக் கரையை அடுத்த மரக்காணத்து உப்பளங்களில், வெயிலோடு வறண்ட காற்றும் சேர்ந்து பாத்திகளில் உப்பை விளைவிப்பது இம்முறையாலேயே. கடல் என்பது எல்லையற்றதொரு பாத்தி. அலைகள் எழுந்து நீர்ப்பரப்பு கரடுமுரடாகும்போது, காற்றுக்கும் நீருக்கும் இடையே உள்ள பரிமாற்றம் இன்னும் பெருகுகிறது.

ஆவியோடு வெப்பமும் செல்கிறது. ஒரு கிராம் நீரைச் சுழிப் பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராம் கடல்மீது ஆவியாக மாறுவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அவ்வெப்பத்தை நீர் தன்னிடமிருந்தே தருகிறது. மண்பானையில் கசிந்த நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதுபோல, பருவக்காற்றும் கடலின் மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. கொடுத்த வெப்பம் அழிந்துபோவதில்லை. ஆவியோடு மறைந்து சென்று, மேலே அது மீண்டும் நீர்த்துளியாகும்போது வெளிப்படுகிறது. முகிலை மேலும் மேலும் உயர எழுப்புவது இந்த வெப்பமே.

வங்கக் கடலுக்கு இதில் ஒரு தனித்தன்மை உண்டு. கங்கை, பிரமபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருட்டிணை முதலிய பேராறுகள் தென்மேற்குப் பருவத்தில் பெருகி வந்து அக்கடலில் நன்னீரைக் கொட்டுகின்றன. உப்புக் குறைந்த நீர் இலேசானது. ஆகவே அது மேலே ஓர் ஆடைபோல் படிகிறது. ஐப்பசியில் அந்நீர் கரையோரமாகத் தெற்கே இறங்கித் தமிழ்நாட்டை அடைகிறது. காற்று எவ்வளவு கடைந்தாலும் கீழே உள்ள குளிர்ந்த நீர் அவ்வாடையைக் கிழித்து எளிதில் மேலே வருவதில்லை. எனவே மேற்பரப்பின் வெப்பம் காற்றுக்குத் தொடர்ந்து கிடைக்கிறது. புயல் தோன்ற ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் வேண்டும் என்பர். வங்கக் கடலோ 28 பாகையைத் தாண்டி நிற்கும் நாட்கள் பல. கடலிடம் வெப்பம் வாங்கிச் சுழலும் காற்று, அவ்வெப்பத்தால் வலிமை பெற்று, முன்னினும் விரைந்து கடலைக் கடைந்து மேலும் வாங்குகிறது. 2022ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் என்னும் புயல், மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகக் காற்றோடு மாமல்லபுரத்தின் அருகே கரை கடந்தது. நிலத்தில் ஏறியதும் அது தளர்ந்தது. வாங்குவதற்குக் கடல் இல்லாதபோது புயல் வாழ்வதில்லை.

உப்பின் கதை வேறு. அலை உடையும்போது காற்று குமிழிகளாக நீருக்குள் புகுகிறது. அக்குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது நுண்ணிய துளிகள் தெறிக்கின்றன. துளியின் நீர் உலர்ந்துபோக, உப்புத் துகள் காற்றில் மிதக்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை அணுகுவோர் உதட்டில் உணரும் கரிப்பு இதுவே. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த அக்கோயில், அன்றுமுதல் இக்காற்றை ஏற்று நிற்கிறது. கல்லின் நுண்துளைகளில் புகுந்த உப்பு நீர் உலரும்போது படிகமாகி விரிந்து, கல்லின் மணிகளை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறது. மதிலின்மேல் அமர்ந்த நந்திகளின் முகங்கள் தேய்ந்துபோயின. ஊருக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் உள்ள அருச்சுனன் தவப் பாறையோ இக்கோயிலினும் முந்தியது. ஆயினும் அதில் தவம் செய்யும் பூனையின் முகபாவம்கூட இன்றும் தெளிவாகத் தெரிகிறது. கடலுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட அச்சிறு தொலைவு எத்துணைப் பெரிய காப்பு என்பதை இவ்விரண்டையும் ஒரே காலைப்பொழுதில் கண்டவர் மறவார். தொல்லியல் துறையினர் கோயிலின் கடற்புறத்தே பாறைகளை அடுக்கி அலையைத் தடுத்தனர். சவுக்கு மரங்களை வளர்த்துக் காற்றைத் தடுத்தனர். ஈரமான காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, அது உலரும்போது உள்ளிருக்கும் உப்பை உறிஞ்சி எடுக்கும் முறையையும் கையாண்டனர். நந்தியின் முகத்தைக் காக்கக் காகிதம் துணை செய்கிறது!

கல்லைத் தின்னும் அதே உப்பு, முகிலுக்கு வித்தாகவும் அமைகிறது. காற்றில் உள்ள ஆவி தானாகத் துளியாகத் திரள்வது அரிது. பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். உப்புத் துகளோ ஈரத்தை விரும்பி இழுப்பது. அதனைச் சுற்றி நீர் படிந்து முகில்துளி உருவாகிறது. ஏறத்தாழப் பத்து இலட்சம் முகில்துளிகள் சேர்ந்தால் ஒரு மழைத்துளி. வயலில் விழும் மழைத்துளியின் உள்ளே, மாமல்லபுரத்திற்கு அப்பால் என்றோ உடைந்த ஓர் அலையின் எச்சம் கரைந்திருத்தல் கூடும்.

குமிழியோடு கடலுக்குள் செல்லும் காற்றும் வீணாவதில்லை. அதிலுள்ள பிராணவாயுவை மீன்கள் உயிர்க்கின்றன. கரியமில வாயுவும் நீரில் கரைகிறது. மக்கள் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் பிற செயல்களாலும் வெளிப்படும் அவ்வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கை உலகக் கடல்கள் ஆண்டுதோறும் ஏற்றுக்கொள்கின்றன. காற்றின் வேகம் இருமடங்கானால், வாயுக்கள் நீரில் புகும் விரைவு ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்று கணித்துள்ளனர்.

இவற்றையெல்லாம் கரையில் நின்று அளக்க இயலாது. 1959 முதல் 1965 வரை பல நாடுகள் கூடி இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தன. இந்தியக் கடற்படையின் கிருட்டிணா என்னும் கப்பலும் அதில் பங்கு கொண்டது. அம்முயற்சியின் பயனாக 1966ஆம் ஆண்டில் தேசியக் கடலாராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1999ஆம் ஆண்டில் சாகர் கன்யா, சாகர்த்வனி என்னும் கப்பல்கள் வங்கக் கடலில் நிலைகொண்டு, கடலுக்கும் காற்றுக்கும் இடையே செல்லும் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்தன. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிறுத்திய மிதவைகள் காற்று, அலை, வெப்பம் ஆகியவற்றை ஓயாது அறிவிக்கின்றன. ஐதராபாத்திலிருந்து வெளியாகும் அலை முன்னறிவிப்பு மீனவர் கையில் உள்ள தொலைபேசிக்கே வந்து சேர்கிறது. அதனைப் படித்தபின்னும் அவர்கள் கரைக்கு வந்து கடலை ஒருமுறை நோக்கியே படகைத் தள்ளுகின்றனர். அது நல்ல வழக்கமே.

கொண்டல் கொண்டதைக் கொட்டுமிடம் செங்கற்பட்டு நாடு. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இப்பருவத்திலேயே பெய்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. கடலின் மேற்பரப்பிலிருந்து ஒரு நாளில் ஆவியாகும் நீரின் உயரம் நான்கு அல்லது ஐந்து மில்லிமீட்டர் அளவே. ஆகவே தாம்பரத்தின் அளவுள்ள கடற்பரப்பு ஒன்று ஏறத்தாழ நூறு நாளில் ஈட்டும் நீர், தாம்பரத்தில் ஒரே நாளில் விழுந்தது எனலாம். அந்நூறு நாள் வருவாயைக் காற்று ஒரு சிறு பரப்பிலிருந்து சேர்க்கவில்லை. எண்ணற்ற அலைகளின் மேல் தவழ்ந்து, கடலெங்கும் சிறிது சிறிதாகத் திரட்டி வந்தது.

விழுந்த நீரை நிறுத்தி வைப்பதற்கே இந்நாட்டு மக்கள் ஏரிகளை வெட்டினர். அவற்றுள் பெரியது கிளியாற்று நீரை ஏற்கும் மதுராந்தகம் ஏரி. 1790களின் இறுதியில் இம்மாவட்டத்தை ஆண்ட கலெக்டர் லயனல் பிளேஸ், ஒரு மழை இரவில் கரை உடையும் என அஞ்சிச் சென்றபோது, வில்லேந்திய இருவர் அதனைக் காத்து நிற்கக் கண்டார் என்பது மக்கள் வழங்கும் கதை. ஏரி காத்த இராமர் என்னும் பெயர் அதனால் நிலைத்தது. கரைக்கு அன்று நேர்ந்த அச்சம் கதையன்று. ஏரி நிறைந்த நாளில் நீரின் எடை ஒருபுறம் அழுத்த, கொண்டல் எழுப்பும் அலைகள் மறுபுறம் மண்ணை அரிக்கும். அதற்கென்றே கரையின் உட்சரிவில் கற்களைப் பதித்தனர். அவற்றிற்கு அலைகல் என்று பெயர். கடலில் களிறாக இருந்த அலை இங்குச் சாண் உயரமே எழும். எனினும் கார்த்திகைத் திங்களில், மதகுகளில் நீர் வழிந்தோடும் இரவுகளில், கரைமேல் விளக்கோடு நடப்பவர்கள் அவ்வலைகள் கல்லில் மோதும் ஒலியைக் கேட்டுக்கொண்டே நடக்கின்றனர்.